ஒன்பது நாற்பது

ரிங் ரோட்டிலிருந்து எட்டே நிமிஷம் என்றார்
புரோக்கர் ஒச்சப்பன்.
யாருடைய எட்டு நிமிஷம் என்று
நான் கேட்கவில்லை.
அவர் புல்லட்டில் வந்திருந்தார்.

மருதனேந்தல்.
மூன்று சென்ட்.
மஞ்சள் பூசிய நான்கு கற்களுக்கு நடுவே
நானும் சோணைமுத்துவும்
ஒரு கருவேல முளையும் நின்றோம்.
ஏந்தல் என்றால்
எப்போதோ தண்ணீரை ஏந்தி நின்ற இடம்.
'தண்ணிக்கு?' என்றேன்.
'லாரி வரும்க்கா. போன் போட்டாப் போதும்.'

விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடையில்
பன்னிரண்டு வருஷமாய் லைனிங் துணி கிழிக்கிறவள் நான்.
மீட்டருக்கு மேல் ஒரு விரற்கடை விட்டுத்தான்
கத்தரி வைப்பேன்,
முதலாளி பார்க்காதபோது.
பழக்கதோஷம்,
கல்லிலிருந்து கல்லுக்குக் காலால் அளந்தேன்.
மேற்கே ஒரு அடி குறைந்தது.
ஒச்சப்பன் குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னார்:
'உங்களுக்குக் கொஞ்சம் பெரிய பாதம்க்கா.'

வடக்கு மாசி வீதிச் சந்தில்
இப்போது இருப்பது மாடியில் ஒன்றரை அறை.
ஒன்று எங்களுக்கு, அரை அடுப்புக்கு.
ஒருநாள் விட்டு ஒருநாள்
விடிகாலை மூன்று மணிக்குக்
கீழ்க்குழாயில் காற்று இருமும்.
அதற்கப்புறம்தான் தண்ணீர்.
பதினான்கு படி, ஒன்பது குடம்.
சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்பது
வீட்டுக்காரர் போட்ட முதல் கண்டிஷன்.
எங்கள் கல்யாணப் போட்டோ
ஒன்பது வருஷமாய் பீரோவின்மேல்
சுவரில் சாய்ந்தே நிற்கிறது,
பஸ்சுக்குக் காத்திருக்கிற ஜோடி மாதிரி.

ஆனால் சித்திரையில் தேர் வரும்போது
சோணைமுத்துவின் சித்தி, மச்சான், மச்சானின் கூட்டாளி,
பேர் தெரியாத ஒரு கைக்குழந்தை,
எல்லாருக்கும் எங்கள் மொட்டைமாடிதான்.
போன வருஷம் பதினேழு பேர்.
முதுகு ஒடியச் சமைத்துவிட்டு
இனி ஒரு ஆள் இந்தப் படி ஏறக்கூடாது என்று
முனகிக்கொண்டேதான் பாய் விரித்தேன்.
மருதனேந்தலுக்கு யார் வருவார்கள் என்ற நினைப்பு
அங்கே, அந்த மொட்டை வெயிலில்
எனக்கு ஏன் வர வேண்டும், தெரியவில்லை.

கீழ்வீட்டு நசீமா சொல்கிறாள்:
'போயிரு. எம்பிள்ளைக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது,
தள்ளிக்கிட்டு நடக்கத்தான் தெரியும்.
இந்தச் சந்துல வேற என்ன பண்ணுவான்?'
மறுநாள் அவளே:
'ராத்திரியில நெஞ்சு வலின்னா
நாலு பேரு சேர்ந்து தூக்கிட்டே போயிருவோம் பெரியாஸ்பத்திரிக்கு.
அங்க யாரைக் கூப்பிடுவ,
லாரிக்காரனையா?'

சோணைமுத்து அதிகம் பேசுகிறவன் இல்லை.
திரும்பும் வழியில் புதூரில்
இரவல் வண்டியை ஓரங்கட்டி
ஹார்டுவேர் கடைக்குள் போனான்.
கான்கிரீட் ஆணி, கால் கிலோ.
'எதுக்கு?'
'கிடக்கட்டும்.'

ஒச்சப்பனிடம் இன்னொன்றும் கேட்டிருந்தேன்,
புல்லட் கிளம்பும் சத்தத்தில்,
சோணைமுத்து காதில் விழாமல்.
'பெரியார்ல இருந்து கடைசி பஸ்?'
'ஒம்பது நாப்பது.'
கடையில் ஷட்டர் இறங்குவது
ஒன்பதரைக்கு.

திங்கட்கிழமை
வீட்டுப்பக்கம் திரும்பாமல்
பெரியார் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன்.
ஏறுவதற்கில்லை. சும்மாதான்.
பதினாறு நிமிஷம்.
செவ்வாய் மழை, கணக்கில் இல்லை.
புதன், வளையல் கடைகளின் பின்னால்
ஒரு முடுக்கு இருப்பது தெரிந்தது.
பதின்மூன்று.
வியாழன் செருப்பை மாற்றினேன்.
பதினொன்று.
மருதனேந்தல் போர்டு போட்ட பஸ்சின்
சிவப்பு விளக்கு வளைந்து போவதை
மூச்சு வாங்கியபடி பார்த்து நின்றேன்.

'ஏன் லேட்டு?' என்றான் சோணைமுத்து.
'கடையில் கூட்டம்.'

ஒச்சப்பன் போன் பண்ணும்போதெல்லாம்
இன்னும் ஒன்றும் முடிவு பண்ணலை என்றே சொல்கிறோம்.
உண்மைதான்.
இன்னும் ஒரு நிமிஷம் இடிக்கிறது.